ஏணி பிடித்த கை

"இறங்குடா கீழே!"

ஸ்டுடியோக்காரர் ஏணியின் இரண்டு கால்களையும் பிடித்து உலுக்கினார். ஐம்பத்தெட்டு வயதுக்கு அது கொஞ்சம் அதிகப்படியான உலுக்கல்தான். மேலே நின்றவனின் வாளி சாய்ந்து, மைதாப் பசை அவர் கழுத்திலும் காலரிலும் கொழகொழவென்று வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. நாற்பது நாளாகத் தேடிய ஆள் இதோ, இதே சுவரில், கையில் பிரஷ்ஷோடு, கையும் களவுமாக. இந்த நேரத்தில் பசையாவது ஒன்றாவது!

"யோவ்! ஏணியை ஆட்டாதய்யா! ஆளைக் கொல்லப் பாக்கறியா?"

அவர் கைகள் அப்படியே உறைந்து போயின.

இதே இடம். இதே நடைபாதை விளிம்பு. அவர் மகள் விழுந்து மண்டை உடைந்து உயிரை விட்டது இங்கேதான். அதே இடத்தில் நின்று இன்னொரு உயிர் நிற்கிற ஏணியை ஆட்டிக்கொண்டிருக்கிறார். ஏணியை இறுகப் பிடித்து, கீழ்ப்படியில் ஒரு காலை ஊன்றி, அந்த ஆள் தரையில் கால் வைக்கும்வரை பிடியைத் தளர்த்தாமல் நின்றார்.

இறங்கி வந்தவனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. அவனுடைய ஏணியின் உச்சியில் சுவர் விளிம்பில் மாட்டுவதற்கு இரண்டு இரும்புக் கொக்கிகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. ஊரில் சுவரொட்டி ஒட்டுகிறவர்களில் அப்படி ஏணி வைத்திருப்பவன் அவன் ஒருத்தன்தான். அதனால் அவனுக்குப் பெயரே கொக்கி என்றாகிவிட்டது.

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றான் கொக்கி.

"அன்னைக்கு ஏணி பிடிச்சது நீதானே?"

"என்னைக்கு?"

"என் பொண்ணு விழுந்த அன்னைக்கு."

கொக்கியின் முகத்தில் இருந்த கோபம் பொசுக்கென்று அடங்கிவிட்டது. பிரஷ்ஷை வாளிக்குள் போட்டான்.

"வாலுவோட அப்பாவா? அந்த பாஸ்போர்ட் போட்டோ ஸ்டுடியோ?"

அவர் தலையாட்டினார்.

"இப்படியா சார் அறிமுகப்படுத்திக்குவாங்க? 'தம்பி, நான் இன்னார்'னு சொல்லியிருந்தா நானே இறங்கி வந்திருப்பேனே!" தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான். "கழுத்தைத் துடைங்க. காய்ஞ்சா தோலோட வரும்."

அவர் துண்டை வாங்கவில்லை.

"என் ஏணிக்கு ஆளே வேணாம் சார். கொக்கியை மாட்டினா போதும், அதுவே நிக்கும். நான் இந்தப் பக்கம் கட்டில் மெத்தை கடை விளம்பரம் ஒட்ட வந்தேன். வாலு ஒட்டின இடத்தில நாங்க யாரும் கை வைக்க மாட்டோம். அது எங்களுக்குள்ள பேச்சு."

* * *

வாலு. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூன்று வயதில் கடையில் ஃபிளாஷ் விளக்குக்கு மாட்டுகிற குடையைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து குதிக்கப் பார்த்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

பெரியவளான பிறகும் அந்த வால் அறுந்து விழவில்லை. ஊரில் இருக்கிறவர்களைப் படம் பிடிப்பாள். கட்டட வரைபடம் அச்சடிக்கிற கடையில் கொடுத்து ஆள் உயரத்துக்கு, சில சமயம் ஆளைவிடப் பெரிதாக, ஐந்து காகிதப் பட்டைகளாக அச்சடித்து வாங்குவாள். விடியற்காலையில் ஏதாவது ஒரு சுவரில் மேலிருந்து கீழாக வரிசையாக ஒட்டிவிட்டு ஓடிவிடுவாள். பொழுது விடிந்து ஊர் எழுந்து பார்த்தால், வங்கி காசாளர் மழைநீர்க் குழாயில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருப்பார். தபால்காரர் சுவரில் வளைந்து ஓடிய விரிசலில் ஊஞ்சலில் படுத்த மாதிரித் தூங்குவார். செங்கல் உதிர்ந்த மதிலுக்கு முன்னால் பல் டாக்டர் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, 'இதையெல்லாம் பிடுங்கணுமே' என்று கவலையோடு குனிந்திருப்பார். ஊரே நின்று சிரிக்கும். பல் டாக்டர் தன் குடும்பத்தையே அழைத்துவந்து அந்த மதிலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்.

சிரிக்காத ஆள் ஒருத்தர்தான். அவளுடைய அப்பா.

சிரிக்கக் கூடாது என்று சொல்வதே அவருடைய தொழில். "நேரா பாருங்க. காது ரெண்டும் தெரியணும். சிரிக்காதீங்க." ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிற மந்திரம். அவருடைய கடையில் எடுத்த படம் எந்த அலுவலகத்திலும் திரும்பி வந்ததில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமையில்தான் வாலு கை வைத்தாள். கடைக் கோப்பிலிருந்து ஒரு வங்கி மேலாளரின் பாஸ்போர்ட் படத்தை எடுத்து, மூடிக் கிடந்த கிடங்கு ஒன்றின் சுவரில் பத்தடி உயரத்துக்கு ஒட்டிவிட்டாள். முகம் சுவரில். காது இரண்டும் இரு பக்கத்து ஜன்னல் கதவுகளில். காற்று அடிக்கும்போதெல்லாம் மேலாளர் யானை மாதிரி காதை ஆட்டினார்.

மேலாளர் கடைக்கு வந்து கத்திய கத்தலில் வாடிக்கையாளர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

"காது ரெண்டும் தெரியணும்னு நீங்கதானேப்பா சொல்வீங்க?" என்றாள் வாலு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இனிமே என் கடைப் படி ஏறாதே."

வாய் தவறி வந்ததுதான். ஆனால் வந்தது வந்ததுதான். அவர் திரும்பப் பெறவில்லை, அவள் திரும்பி வரவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டாள். இரண்டு வருடம். அவர் அந்தப் பக்கம் போனதேயில்லை. அவள் ஒட்டிய படங்களை அவர் பார்த்ததும் பேருந்து ஜன்னல் வழியாகத்தான். அதுவும் பார்க்காத மாதிரி.

நாற்பது நாளைக்கு முன்னால் மனைவி கைபேசியில் அழைத்தாள். "ஆஸ்பத்திரிக்கு வாங்க. உடனே வாங்க." காலை நடைக்குப் போனவளுக்கு யாரோ தகவல் சொல்லி, அவள் அப்படியே ஓடிவந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் போய்ச் சேர்ந்தபோது மனைவி ஆஸ்பத்திரித் தாழ்வார பெஞ்சில் கை இரண்டையும் மடியில் விரித்துவைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு வேலைதான். ஏணி பிடித்தவன் யார்? அவ்வளவு உயரத்தில் தனியாக ஒட்ட முடியாது என்று தெருவில் கடை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பேப்பர் போடுகிறவர், மழைக்கோட்டு போட்ட யாரோ அவள் பக்கத்தில் குனிந்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். காவல் நிலையத்துக்கு ஏழு தடவை நடந்தார். அங்கே இருந்த ஏட்டுப் பெரியவர் ஏழாவது தடவையும் அவர் முகத்தைப் பார்க்காமலேயே பதில் சொன்னார்.

"கேஸ் முடிஞ்சிருச்சு சார். வீட்டுக்குப் போங்க. வீட்டம்மாவைப் பாத்துக்கங்க."

முடிந்ததாவது! பத்தாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மனைவியிடம் சொன்னார். "அவன் என் கையில கிடைக்கட்டும். அடிக்க மாட்டேன், போலீஸ்ல குடுக்க மாட்டேன். ஏன் கையை எடுத்தேன்னு அவன் வாயால சொல்லணும். சொல்லிட்டு அவன் ஆயுசுக்கும் தூங்கக் கூடாது."

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அவர் இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவேயில்லை என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

* * *

"நீ அந்த ஆளைப் பாத்திருக்கியா?" என்று கொக்கியைக் கேட்டார்.

"ஒரே தடவை. பழைய சினிமா கொட்டகை சுவர்ல. கணுக்கால் வரைக்கும் மழைக்கோட்டு, தலையில தொப்பி, மூஞ்சியில துணி. பசை ஒழுகும் சார், கீழ நிக்கறவங்க அப்படித்தான் மூடிக்கணும். மேல நின்னுக்கிட்டு வாலு என்னமோ சொல்லுது, கீழ அது குலுங்கிக் குலுங்கி சிரிக்குது. ஏணியே ஆடுது. 'வேலை நேரத்துல என்ன சிரிப்பு'ன்னு நான்கூட சத்தம் போட்டேன்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"மழைக்கோட்டுக்குள்ள யாரு சார் எட்டிப் பாத்தா?"

ஸ்டுடியோக்காரர் பற்களைக் கடித்தார். சிரித்தானாம். அவர் பெண் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தானாம்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஏணி பிடிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. மேல இருக்கறவங்களுக்கு அடுத்த பட்டையை எடுத்துக் குடுக்கணும்னா கீழ இருக்கறவங்க கையை எடுத்துத்தானே ஆகணும்? எடுக்கறதுக்கு முன்னாடி 'விடுறேன்'னு குரல் குடுக்கணும். மேல இருக்கறவங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டு 'விடு'ன்னு பதில் சொல்லணும். அந்த பதில் காதுல விழற வரைக்கும் வீடே எரிஞ்சாலும் கையை எடுக்கக் கூடாது. வாலுவுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அப்போ அன்னைக்கு?"

"குரல் குடுக்காம விட்டிருக்காங்க. இல்லேன்னா வாலு விழுந்திருக்காது." கொக்கி குரலைத் தாழ்த்தினான். "ஆனா அந்த ஆள் ஓடிப்போன ஆள் இல்ல சார். இன்னைக்கு வந்திருக்காங்க."

"யாரு வந்தா?"

"நீங்க வந்ததும் வராததுமா என் ஏணியைப் பிடிச்சு ஆட்டிட்டீங்க. திரும்பி அந்தப் பக்கத்தைப் பாத்தீங்களா? நேத்து சாயங்காலம் வரைக்கும் இடுப்போட நின்னுது. இப்போ முழுசா இருக்கு. தொட்டுப் பாத்தேன், பசை இன்னும் ஈரம்."

ஸ்டுடியோக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாலு கடைசியாக ஒட்டிய படம் அது. பாதியில் நின்றுபோனது. மாடி பால்கனியின் அடிப்பக்கத்தில் இரண்டு வெறும் பாதங்கள் பதிந்திருக்கும். அதற்குக் கீழே கால்சட்டை, இடுப்பு, இடுப்பில் ஊன்றிய கைகள். தலைகீழாக யாரோ ஒருவன். முதல் மூன்று பட்டைகள் அவ்வளவுதான். அதற்குள் விழுந்துவிட்டாள். மீதி இரண்டு பட்டைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அவை யாரிடம் இருக்கின்றனவோ அவன்தான் ஆள் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் தினமும் காலையில் இங்கே வந்து காவல் காத்தார். இன்றைக்கு மட்டும் தூங்கிப்போய் அரை மணி நேரம் தாமதம்.

"மிச்சம் இருந்தது கீழ்ப்பாகம். அதுக்கு ஏணி பிடிக்க ஆள் வேணாம். ஒரு ஸ்டூல் போதும். தனியாவே ஒட்டியிருக்காங்க," என்றான் கொக்கி.

அவர் பின்பக்கமாகவே நடந்தார். இவ்வளவு பெரிய படத்தைக் கிட்டத்தில் நின்று பார்க்க முடியாது. தெருவைக் கடந்தார். ஒரு சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். எதிர்ப்பக்கக் கடையின் மூடிய கதவில் முதுகு இடித்ததும் நின்று, தலையை நிமிர்த்தினார்.

சுவரில் அவரே தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்.

பால்கனியின் அடிப்பக்கம்தான் தரை என்பது மாதிரி அதில் பாதம் பதித்து, இடுப்பில் கை ஊன்றி, ஊருக்கெல்லாம் தலை கீழாகத் தொங்கியபடி, கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்பது நாளாகத் தினமும் வந்து பார்த்த கால்கள். தன் கால்கள் என்று அவருக்குத் தெரியவேயில்லை.

"சார்..." கொக்கி பக்கத்தில் வந்து நின்றான். படத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தலையைச் சாய்த்து மறுபடி படத்தைப் பார்த்தான். "இது நீங்களா? கடையில உக்காந்திருக்கறதைப் பாத்தா உங்களுக்கு இவ்வளவு பல்லு இருக்கும்னே தெரியாதே."

அவருக்குக் கேட்கவில்லை. அவர் காதில் ஆறு வயதுக் குரல் ஒன்று கூவிக்கொண்டிருந்தது. கடையில் பழைய பெட்டிக் கேமரா ஒன்று இருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால், பின்னால் இருக்கும் சொரசொரப்புக் கண்ணாடியில் எதிரே நிற்கிறவர் தலைகீழாகத் தெரிவார். வாலு முதல் தடவை பார்த்துவிட்டு வீறிட்டாள். "அப்பா! மாமா விழறாரு! பிடிங்கப்பா!"

"விழல கண்ணு. கேமராவுக்குள்ள எல்லாரும் இப்படித்தான் நிப்பாங்க. பயப்படாதே."

அதற்குப் பிறகு அந்தத் துணியைவிட்டு அவளை வெளியே இழுப்பதே பெரும்பாடாகிப் போனது.

அழுவதற்கு இது நேரமில்லை. ஏணி பிடித்தவன் ஒரு படத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். படம் என்றால் அவருக்குப் படிக்கத் தெரியும்.

கைபேசியில் சுவரைப் படம் பிடித்தார். திரையில் அதைத் தலைகீழாகத் திருப்பினார். இப்போது அவர் நேராக நின்று சிரித்தார்.

எங்கே எடுத்தது? கடையில் இல்லை, கடையில் விளக்கு வலது பக்கம். இதில் இடது பக்கத்திலிருந்து வெயில் விழுகிறது, காலை வெயில். வெள்ளைச் சட்டையில் கம்பி ஜன்னலின் நிழல். பெரிதாக்கினார். வைர வடிவக் கட்டங்கள். அதில் ஒரு கட்டம் மட்டும் பாதி, கம்பி உடைந்தது. ஐந்து வருடமாக 'பற்றவைக்கணும், பற்றவைக்கணும்' என்று அவரே சொல்லிக்கொண்டிருக்கிற வீட்டு ஜன்னல்.

எவ்வளவு உயரத்திலிருந்து? இடுப்பு உயரம். லேசாக அண்ணாந்து எடுத்திருக்கிறது. ஓரத்தில் மங்கலாக ஒரு வளைவு, ஏதோ டப்பாவின் மூடி. டப்பாக்களுக்கு நடுவில் கைபேசியைச் சாய்த்துவைத்து, அடுப்பங்கரை வாசலில் நிற்கிறவருக்குத் தெரியாமல் எடுத்த படம்.

அடுப்புக்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் நிற்கிற ஆள் உலகத்திலேயே ஒருத்திதான்.

அவர் சிரித்த காரணமும் ஞாபகம் வந்துவிட்டது. மனைவியைக் கேலி செய்த காலை அது. "ஒரு வருஷமா தினமும் விடியறதுக்குள்ள எழுந்து நடக்கப் போறே, ஒரு கிலோகூட குறையலையே! நடக்கிறியா, இல்ல எங்கேயாவது உக்காந்து அரட்டை அடிச்சுட்டு வர்றியா?" சொல்லிவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா சார்?"

"தெரிஞ்சுது."

அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். கொக்கி நாலு அடி பின்னாலேயே ஓடிவந்தான்.

"கோபத்தோட போகாதீங்கண்ணே. கீழ நின்னு பிடிக்கறவங்களுக்கும் கை வலிக்கும்."

* * *

கதவு திறந்தே இருந்தது. குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம். ஸ்டூல் ஈரமாக வராந்தாவில் காய்ந்துகொண்டிருந்தது. குளியலறைக் கொடியில் ஒரு நீளமான மழைக்கோட்டு தொங்கியது. மனைவி அதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"கழுத்தெல்லாம் என்னங்க வெள்ளையா?"

"உன் கையில இருக்கிறதுதான்."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். நகக்கண்களில் பசை காய்ந்து உரிந்திருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. குழாயை மூடினாள். மறைக்கவோ மறுக்கவோ முயலவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம். முதல்ல சாப்பாடு குடுக்கத்தான் போனேன். நடக்கப் போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு. அப்புறம் அவகூட ஏணி பிடிச்ச பொண்ணுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருச்சு. 'அம்மா, இன்னைக்கு ஒரு நாள் பிடிக்கிறியா'ன்னு கேட்டா." அவள் உதடு ஒரு நொடி சிரிப்பது மாதிரி வளைந்தது. "எனக்குப் பிடிச்சுப்போச்சுங்க. நான் பிடிச்சா ஏணி அசையவே அசையாதாம். 'நீ மட்டும் இளைச்சுடாதேம்மா, என் தொழில் போயிடும்'னு மேல நின்னுக்கிட்டு கத்துவா. தெருவே கேக்கும்."

கொட்டகைச் சுவரில் கொக்கி கேட்ட சிரிப்பு.

"என்னை எதுக்கு ஒட்டினா?" அவர் குரல் உடைந்தது. "அவளைப் படி ஏறாதேன்னு சொன்னவன் நான்."

"அதுக்குத்தான். ஒட்டி முடிச்சதும் உங்களை ஏதாவது சாக்கு சொல்லி அந்தத் தெருவுக்குக் கூட்டிட்டு வரணும்னு எனக்கு உத்தரவு. 'அப்பா தன்னையே தலைகீழா பாத்தா சிரிச்சுடுவாரும்மா. சிரிச்சுட்டா சமாதானம், அதுக்கப்புறம் கோபப்பட முடியாது'ன்னா. அந்தச் சிரிப்பு வேணும்னுதான் என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னா. மூணு நாள் முயற்சி பண்ணேன். நீங்க எங்க சிரிக்கிறீங்க?"

அவர் பக்கத்திலிருந்த சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மிச்ச ரெண்டு பட்டையும் பீரோவில துணிக்கு அடியில இருந்துச்சு. உங்க முகம். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் என்னைப் பாத்து சிரிக்குது. அவ பாதியில விட்ட வேலை. நேத்து ராத்திரி மாவு காய்ச்சி வச்சுட்டு விடியறதுக்குள்ள போயிட்டேன்."

நாற்பது நாளாக அவர் மனப்பாடம் செய்துவைத்திருந்த வசவுகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. தூங்கக் கூடாது என்று அவர் சபித்த ஆள் இவள். உண்மையாகவே அவள் தூங்கியதில்லை. பக்கத்தில் படுத்திருந்தும் அவர் அதைக் கவனித்ததில்லை. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவள் கையை எடுத்தார். நகக்கண்ணில் இருந்த பசையை மெதுவாக உரித்துவிட்டார்.

"நான் தேடினது யாரோ ஒருத்தனைன்னு நினைச்சேன். நீன்னு தெரிஞ்ச பிறகு நான் என்ன சொல்லிடப் போறேன்? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. போலீஸுக்குத் தெரிஞ்சா பிரச்சினைன்னு பயந்தியா?"

"போலீஸ்ல அன்னைக்கே சொல்லிட்டேனே. எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. 'அவருக்கு மட்டும் தெரிய வேணாங்கய்யா'ன்னு அந்தப் பெரியவர் கால்ல விழாத குறையா கேட்டேன்."

ஏழு தடவையும் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசிய மனிதர்.

"ஏன்? நான் திட்டுவேன்னா?"

"நீங்க திட்டினா வாங்கிக்கலாங்க. அதுக்காக இல்ல."

"பின்னே எதுக்கு?"

அவள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"கேக்காதீங்க. இத்தோட விட்டுடுங்க."

"விட முடியாதும்மா. நாற்பது நாளா அந்த ஒரு கேள்விதான் என்னை நடக்க வச்சுக்கிட்டிருக்கு. அவ்வளவு ஜாக்கிரதையா பிடிக்கிறவ நீ. 'விடுறேன்'னு குரல் குடுக்காம ஏன் கையை எடுத்தே? அது தெரியலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். உன்மேல சத்தியமா கோபப்பட மாட்டேன். சொல்லு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மூணாவது பட்டை ஒட்டி முடிச்சுட்டா. அதைத் தடவிவிட்டுக்கிட்டு இருந்தா, ரெண்டு கையும் பிரஷ்ல. அப்போ என் ஃபோன் அடிச்சுது. மழைக்கோட்டுக்குள்ள, ஜாக்கெட்ல. எடுக்கலைன்னா மறுபடியும் மறுபடியும் அடிக்கும், எங்கே போனா எங்கே போனான்னு தேடல் ஆரம்பிச்சுடும், குட்டு உடைஞ்சுடும்னு ஒரு பதட்டம். அந்தப் பதட்டத்துல குரல் குடுக்க மறந்துட்டேங்க. ஒரு கைதான் எடுத்தேன். ஒரே ஒரு கை."

"விடிஞ்சும் விடியாத நேரத்துல எவன் அவன் ஃபோன் பண்ணினது?" அவர் குரல் தானாகவே உயர்ந்தது. "யாரு? பேரைச் சொல்லு!"

அவள் இப்போது அவரைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது நாளில் முதல் தடவையாக அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. அவர் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. அவளும் ஒரு கேள்வியைத்தான் கேட்டாள். இத்தனை நாளும் உள்ளுக்குள்ளேயே வைத்து அழுத்தியிருந்த கேள்வி.

"அன்னைக்கு எதுக்காகங்க என்னைக் கூப்பிட்டீங்க?"

அவர் கை தானாக நெற்றிக்குப் போனது.

அன்று விடிகாலையில் விழித்ததும் மனைவிக்கு அழைத்திருந்தார். நாலு தடவை மணி அடித்து, அவள் எடுக்காமலேயே துண்டிக்கப்பட்டதில் சலித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று கேட்பதற்காகத்தான் அழைத்தார். அது அவர் நெற்றியிலேயே இருந்தது.